எண்பது வயதின் புன்னகை

முதுமை எந்நாட்டிலும் கருத்துச் சொல்லும் பருவமே. ஆயினும் சொல்லும் முறை நாட்டுக்கு நாடு வேறுபடும். ஓரிடத்து முதியோர் பெருமூச்சு விடுவர். வேறோரிடத்து முதியோர் சென்ற காலத்தைப் போற்றி நிகழ்காலத்தை ஏசுவர். அவுஸ்திரேலிய முதியவரோ பெரும்பாலும் முகத்திற் சலனமின்றி ஒரு வார்த்தையை உதிர்த்துவிட்டு, அது வேடிக்கையா வினையா என்று கேட்டவர் தெளியுமுன் தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்துக்கொள்வார். சிட்னியிலும் மெல்பேர்ணிலும் குடியேறிய நம்மவர் குடும்பங்கள் அயல்வீட்டு வேலிக்கு மேலாக இத்தகைய பேச்சைக் கேட்டுப் பழகியிருக்கும். அந்தப் புன்னகை எங்கிருந்து பிறக்கின்றது, எங்கே அது நிற்கவேண்டும் என்பதை இவ்வாரம் சற்று நோக்குவோம்.

1945ஆம் ஆண்டிற் பிறந்த ஓர் அவுஸ்திரேலியரை மனத்திற் கொள்வோம். அவருக்குப் பெயர் வேண்டியதில்லை. அவ்வயதினர் கண்டும் கேட்டும் வந்த நாட்டு நடப்பே நமக்கு வேண்டும். அக்காலத்தில் அங்கு வாக்குரிமை இருபத்தொரு வயதிலேதான் கிடைத்தது. ஆகவே அவர் முதன்முதலில் வாக்களித்தது 1966ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில். அதிற் பெருவெற்றி ஈட்டியவர் பிரதம மந்திரி ஹரல்ட் ஹோல்ட். அடுத்த ஆண்டு டிசெம்பர் 17ஆந் திகதி, விக்டோரியா மாநிலத்துக் கடற்கரை ஒன்றில் நீந்தச் சென்ற அவர் மீண்டு வரவேயில்லை. உடலும் கிடைக்கவில்லை. மெல்பேர்ணில் அவருடைய தொகுதியிலே அமைந்த பொது நீச்சற் குளத்துக்கு அவருடைய பெயரையே சூட்டினார்கள். கடலில் மறைந்தவருக்கு நீச்சற் குளம் ஞாபகச் சின்னமாயிற்று! செய்தவர்கள் அன்பினாலேயே செய்தார்கள். எனினும், முதல் வாக்கை அளித்த கையோடு இதனைக் கண்ட இளைஞர், அரசியலைப் பயபக்தியுடன் மட்டுமே நோக்குவது எங்ஙனம்?

அவர் அறுபத்தைந்து வயதை எட்டிய காலத்தில் வேறொரு காட்சி தொடங்கிற்று. 2010 முதல் 2018 வரையான எட்டாண்டுகளில் பிரதம மந்திரி பதவி ஐந்து முறை கைமாறியது. அவற்றுள் ஒரேயொரு மாற்றமே பொதுத்தேர்தலில் மக்கள் வாக்கினால் நிகழ்ந்தது. மற்றை நான்கும் ஆளுங் கட்சியினர் தமக்குள்ளே கூடிச் செய்துகொண்டவை. இதனிடையே 2013ஆம் ஆண்டுத் தேர்தலில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலிருந்து செனற் சபைக்குப் போட்டியிட்ட அபேட்சகர் 110 பேர். அத்தனை பெயர்களையும் தாங்கிய வாக்குச் சீட்டு ஒரு மீற்றருக்கும் மேலான அகலமுடையதாயிருந்தது. எழுத்துக்கள் சிறுத்துப்போனமையால், வாசிப்பதற்கு உருப்பெருக்கித் தகடுகளையும் தேர்தல் அதிகாரிகள் வழங்கினர். மூக்குக் கண்ணாடியோடு சென்ற முதியவர் அதன்மேல் இன்னொரு கண்ணாடியையும் பிடித்துக்கொண்டு ஜனநாயகத்தைத் தேடவேண்டியதாயிற்று.

இவற்றையெல்லாம் சொல்லிச் சிரிப்பவர் தேர்தல் நாளன்று வீட்டில் இருந்துவிடுவாரோ என்றால், இல்லை. அங்கு வாக்களித்தல் கட்டாயக் கடமை. 1922ஆம் ஆண்டுத் தேர்தலில் நூற்றுக்கு அறுபது பேர்கூட வாக்களித்திலர். 1924இல் சட்டம் வந்தது; 1925இல் அத்தொகை தொண்ணூறைத் தாண்டியது. தக்க காரணமின்றி வாக்களிக்கத் தவறியவருக்கு 20 டொலர் குற்றப்பணம். வாக்களிப்பு நாள் சனிக்கிழமை. இடம் பெரும்பாலும் ஊர்ப் பாடசாலை. பாடசாலை நிதிக்காகப் பெற்றோர் வாசலில் அடுப்பு மூட்டி, சொசேஜைச் சுட்டு, பாண் துண்டில் வைத்து விற்பர். ‘ஜனநாயக சொசேஜ்’ என்ற அதன் பெயரை அவுஸ்திரேலியத் தேசிய அகராதி நிலையம் 2016ஆம் ஆண்டின் சொல்லாகவே தேர்ந்தெடுத்தது. நம் முதியவர் வரிசை நீளம் என்பார்; சொசேஜ் கருகிவிட்டது என்பார்; இரு கட்சியும் ஒன்றே என்பார்; பின்னர் உள்ளே சென்று ஒவ்வொரு கட்டத்தையும் கவனமாக இலக்கமிட்டு வருவார். குறைகூறும் உரிமையைக் கடமை செய்து சம்பாதித்துக்கொண்டவர் அவர்.

நிற்க. புதுமைகளைப் பற்றி அவர் எண்ணுவது யாது? அவருடைய பாடசாலைக் காலத்தில் சிட்னியிலிருந்து மெல்பேர்ணுக்குப் புகையிரதத்திற் செல்வோர் எல்லையிலுள்ள அல்பெரி நிலையத்தில் மூட்டை முடிச்சுகளுடன் இறங்கி, வேறு வண்டி ஏறவேண்டும். நியூ சவுத் வேல்ஸ் தண்டவாளங்களின் இடையகலம் 1435 மில்லிமீற்றர். விக்டோரியாவில் 1600 மில்லிமீற்றர். 1850களில் இரு குடியேற்ற நாடுகளும் முதலில் ஒரே அளவுக்கு இணங்கியிருந்தும், பின்னர் ஒன்று மனம் மாறிற்று. 1883இல் பாதைகள் எல்லையிற் சந்தித்தபோது தண்டவாளங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இரு தலைநகரங்களுக்கும் இடையே ஒரே அளவான பாதை 1962இலேதான் முற்றுப்பெற்றது. அப்பொழுது நம் நண்பருக்கு வயது பதினேழு.

அவர் பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன், 1935இல், குயீன்ஸ்லாந்துக் கரும்புத் தோட்டங்களை அழித்த வண்டுகளைத் தின்னுமென்று ஹவாயிலிருந்து ஏறக்குறைய நூறு தேரைகளைக் கொணர்ந்தார்கள். வண்டு கரும்பின் உச்சியில் இருந்தது. அதன் புழு மண்ணுக்குள் இருந்தது. தேரையோ தரைமேல் இருந்தது. வண்டு பிழைத்தது, தேரையும் பெருகியது. இன்று அது வட மாநிலங்களைக் கடந்து மேற்கு அவுஸ்திரேலியாவிலும் பரவி, தன் நஞ்சினால் உடும்பையும் பாம்பையும் கொல்லுகின்றது. எந்தப் புதிய சாதனத்தையும் ‘எல்லாவற்றுக்கும் தீர்வு’ என்று யாரேனும் புகழும்போது முதியவர் புன்னகைத்தால், அவர் தேரையை நினைக்கின்றார் என்று கொள்ளலாம். 2024 ஒக்டோபரில் மூன்றாந் தலைமுறைத் தொலைபேசி அலைகளை நிறுத்தியபோது, பழுதில்லாத கைத்தொலைபேசிகள் பல ஒரே நாளிற் பயனற்றுப் போயின. பவுண், சிலிங், பென்ஸ் கணக்கைப் பாடசாலையிற் கற்று, 1966 பெப்ருவரி 14ஆந் திகதி அதனைக் கைவிட்டு, டொலரையும் சதத்தையும் புதிதாகக் கற்றுக்கொண்டவருக்கு இதுவும் ஒரு பாடமாயிற்று.

இதுவரை சொன்னவை சிரிப்பதற்கு உரியவை. ஆனால் புன்னகைக்கும் ஓர் எல்லை உண்டு.

2015 முதல் 2019 வரை அவுஸ்திரேலிய அரசாங்கம், உதவிப் பணம் பெற்றோரிடம் ‘அதிகமாகக் கொடுத்த’ தொகையைத் திரும்பப் பெறக் கணனியை ஏவியது. ஒருவர் ஆண்டு முழுவதிலும் ஈட்டிய வருமானத்தை அது இருபத்தாறு சம பங்குகளாகப் பிரித்து, ஒவ்வோர் இரு வாரத்திலும் அவர் அவ்வளவு சம்பாதித்ததாகக் கருதிற்று. சில மாதம் மட்டும் வேலை செய்து, வேலையில்லாக் காலத்தில் உதவி பெற்றவர் கடனாளியாகத் தோன்றினார். இல்லாத கடனை இல்லையென்று நிரூபிக்கும் பாரமும் ஏழையின் தலையிலே விழுந்தது. நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் அகப்பட்டனர். மனமுடைந்து உயிரை மாய்த்துக்கொண்ட பிள்ளைகளைப் பற்றித் தாய்மார் விசாரணையிற் சாட்சியம் அளித்தனர். இத்திட்டம் நியாயமுமற்றது, சட்டத்துக்கும் புறம்பானது என்று அரச விசாரணை ஆணைக்குழு 2023இல் அறிக்கை செய்தது. கணனியைப் பற்றி அதுவரை வேடிக்கை பேசியவர்கள் அன்று வாய்மூடி நின்றனர். தேரைக் கதையில் ஏமாந்தவர் சிரிப்புக்கு இடமானார். இங்கே ஏமாற்றமும் சிரிப்பும் வேறு வேறு வீடுகளில் இருந்தன.

வரலாற்றிலும் இத்தகைய ஓரிடம் உண்டு. 1901ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்படி, வேண்டாதவர் ஒருவர் கரையிறங்கினால், அதிகாரி தாம் விரும்பிய ஐரோப்பிய மொழி ஒன்றில் ஐம்பது சொற்களுக்குக் குறையாத பகுதி ஒன்றைச் சொல்வதெழுதுமாறு பணிக்கலாம். வெள்ளையரல்லாதாரைத் தடுக்கவே இச்சோதனை. ஒருவர் ஆங்கிலத்தில் எத்துணைப் புலமை பெற்றிருந்தாலும் அறியாத வேறொரு மொழியிற் சோதித்து அவரைத் திருப்பிவிடலாம். 1934இல், பிராக் நகர எழுத்தாளர் ஏகொன் கிஷ் என்பவருடைய அரசியல் கருத்துக்களை விரும்பாத அரசாங்கம் அவர்மீதும் இதையே ஏவிற்று. அவரோ பல மொழி வல்லவர். ஆதலின் ஸ்கொத்லாந்தின் கேலிக் மொழியிற் சோதித்து, அவர் தவறிவிட்டார் என்றது. வழக்கு மேன்முறையீடாகச் சென்றபோது, கேலிக் அச்சட்டம் கருதும் ஐரோப்பிய மொழி அன்று என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நாடு சிரித்தது. ஆனால் அச்சோதனை போயிற்றா? இல்லை. மேலும் இருபத்துநான்கு ஆண்டுகள் சட்டப் புத்தகத்தில் இருந்து, 1958இலேதான் நீங்கிற்று. அப்பொழுது நம் முதியவர் பதின்மூன்று வயதுச் சிறுவர். நம்மவர் அந்நாட்டிற் பெருந்தொகையாய்ச் சென்று குடியமர்வதற்கு அந்தக் கதவு திறக்கவேண்டியிருந்தது.

இவ்விடத்திலேதான் புன்னகையின் பலவீனம் வெளியாகின்றது. அதிகாரத்தின் மூடத்தனத்தை நகைப்பு எளிதிற் காட்டிக்கொடுக்கும்; அதனை அகற்றுவதோ நகைப்பினால் மட்டும் ஆவதன்று. ‘உலகம் இப்படித்தான்’ என்று சிரித்துவிட்டுத் திரும்புகின்றவர், தாம் பாதிக்கப்படாதவர் என்பதை மறந்துவிடுகின்றார்.

ஆயினும் அதே தலைமுறை வேறொன்றையும் செய்தது. பூர்வீகக் குடிகளைச் சனத்தொகைக் கணக்கிற் சேர்க்கலாகாது என்ற வாசகம் அந்நாட்டு அரசியலமைப்பில் இருந்தது. அதனை நீக்குவதற்கும், அவர்கள் பொருட்டு மத்திய அரசாங்கம் சட்டம் இயற்றுவதற்கும் 1967 மே 27ஆந் திகதி சர்வஜன வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஆம் என்றனர். இருபத்தொன்றைத் தாண்டியிருந்த நம் நண்பரும் அன்று வரிசையில் நின்றிருப்பார். அரசியல்வாதிகளைப் பற்றி அன்றும் ஏதேனும் முணுமுணுத்திருப்பார். அதனால் வாக்கின் பெறுமதி குறையவில்லை.

மாணவர்களுக்கு ஒரு சொல். வீட்டிலும் அயலிலும் உள்ள முதியோர் வேடிக்கையாக ஒன்றைச் சொன்னால், ‘பழைய காலத்து மனிதர்’ என்று தள்ளிவிடாதீர்கள். எந்த வாக்குறுதி எந்தத் தேரையாய் முடிந்தது என்று கேளுங்கள். அவர் திடீரென்று சிரிப்பை நிறுத்தும் இடம் ஒன்று வரும். அப்பொழுது எழுந்து போகாமல் அருகே அமர்ந்திருங்கள்; அவர் சொல்ல நினைத்தது அதற்குப் பின்னரே வரும்.