கருந்துளை என்னும் பெயர்

ஆனி மாதத்து மேகமற்ற நள்ளிரவில் கல்வராயன் மலைமேல் நின்று தென்றிசை நோக்குவோர்க்குத் தனுர் ராசியருகே பால்வீதி செறிந்து தோன்றும். ஆங்கு, ஏறக்குறைய 26,000 ஒளியாண்டுத் தொலைவில், அதன் மையத்தேயுள்ள பொருளைக் கருந்துளை என்கின்றனர். அப்பெயர் பொருந்தாதென்பது எம் கருத்து. துளையாவது வெறுமை, இதுவோ சுமார் 40 இலட்சம் சூரியர்களின் நிறை, புதன் கோளின் பாதைக்குள் அடங்குமாறு செறிந்தது. எதிலே துளை என்று வினவும் சிறுவனுக்கு யாம் என் சொல்வது?

அண்மியதையெல்லாம் உறிஞ்சிவிடும் என்பதும் அப்பெயர் விளைத்த மயக்கமே. எஸ்2 என்னும் விண்மீன் அதனை 16 ஆண்டுக்கொருமுறை சுற்றிவந்தும் விழுங்கப்பட்டிலது. இத்தகைய விண்மீன்களின் ஓட்டத்தை அளந்தே கென்செலும் கெஸ்ஸும் அந்நிறையைக் கண்டு, 2020-இல் நோபல் பரிசிற் பங்கு பெற்றனர். 2022-இல் வெளியான படத்திலும் ஒளிவளையத்தின் நடுவே தெரிவது நிழலேயாம்.

ஒளியும் மீளாமையின் 'ஒளிச்சிறை' எனலாகாதோ? வேரூன்றிய சொல்லை மாற்றல் அரிதென்பர். பள்ளிப் பாடநூலில் அடைப்புக்குறிக்குள்ளேனும் இச்சொல்லை இட்டுத் தொடங்கலாமே.