இதில் என்ன சாகசம்?

போன வாரம் பேரன் ஒரு வீடியோ காட்டினான். மேல்தளம் இல்லாத சின்னஞ்சிறு பாய்ப்படகில் ஒரு வெள்ளைக்காரர் கரையை ஒட்டியே நாலைந்து நாள் போகிறார். இரவானால் படகிலேயே தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு தூங்குகிறார். பக்கத்தில் இருந்த என் மைத்துனர், "இந்தத் தைரியமெல்லாம் நம்மாளுக்கு வராதுங்க" என்றார். காபி ஆறிப்போகும்வரை அவரோடு சண்டை போட்டேன். அங்கே சொல்லி முடிக்காததை இங்கே எழுதிவிடுகிறேன். அவரும் இந்தப் பக்கத்தைப் படிப்பவர்தான்.

1981. வேம்பார்ப் பக்கம் எனக்கு வங்கி வேலை. கீழக்கரையில் நண்பர் வீட்டுத் திருமணம். பஸ்ஸில் போயிருக்கலாம். கடன் விஷயமாகப் பழக்கமான வள்ளக்கார அண்ணாச்சி ஒருவர், "நானும் அங்கதான் போறேன், வாரீங்களா சார்?" என்றதும் ஆசை வந்துவிட்டது. ஆனி மாதம், கச்சான் காற்று. சொன்ன நாளில் விடியுமுன் கரைக்குப் போனால் அண்ணாச்சி மணலில் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு வேண்டாம் சார்." மறுநாளும் அதே பதில். எனக்கு ஆத்திரம். கடல் நன்றாகத்தானே இருக்கிறது! திருமணம் நான் இல்லாமலே முடிந்தது.

மூன்றாம் நாள் கிளம்பினோம். பின்னால் இருந்து காற்று, விம்மிய பாய், தகரத்தை வெட்டிச் செய்த குவளையால் தண்ணீர் இறைக்கும் வேலை எனக்கு. காற்றுப் பக்க விளிம்பில் இரண்டு பேர் ஏறி உட்கார, அடியில் கிடந்த மணல் மூட்டைகளை ஒருவர் அங்குமிங்கும் நகர்த்தினார். மதியத்துக்குமேல் காற்று ஏறியது. கீழக்கரை தொட்டுவிடும் தூரம் என்று நான் நினைத்தேன். அண்ணாச்சி பாயைச் சுருக்கி, அப்பா தீவின் மறைவில் ஒதுக்கி நங்கூரம் போட்டுவிட்டார். (அந்தத் தீவுகளெல்லாம் 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. இன்றைக்கு நம் இஷ்டத்துக்கு அங்கே இறங்க முடியாது.) இரவு முழுக்க நனைந்த சட்டையோடு நடுங்கினேன். காலையில் கீழக்கரை. அண்ணாச்சிக்கு அது சாகசம் இல்லை, வெறும் ஒரு நடை.

வெள்ளைக்காரரைக் குறை சொல்லவில்லை. ஃபிராங்க் டை என்ற ஆங்கிலேயர் 16 அடிக்கும் சற்றுக் குறைவான வேஃபேரர் வகைத் திறந்த படகில் 1963இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்கும், 1964இல் நார்வேக்கும் போனவர். நார்வே வழியில் புயலில் படகு பலமுறை கவிழ்ந்தது, பாய்மரம் ஒடிந்தது. அப்படியும் கரை சேர்ந்தார். அவர் முரட்டுத் தைரியசாலி என்று பேசுகிறவர்கள் அவரைப் புரிந்துகொள்ளவில்லை. காற்று மீறினால் பாய்மரத்தையே சாய்த்து வைத்துவிட்டு, கடல் நங்கூரத்தை இழுக்கவிட்டுப் படகை அலைக்கு முகம்கொடுக்க வைப்பதை முன்கூட்டியே பழகி வைத்திருந்த மனிதர். எங்கள் அண்ணாச்சியும் அவரும் சந்தித்திருந்தால் பாஷை தெரியாமலே பேசிக்கொண்டிருப்பார்கள். அவருடைய படகு ஃபால்மத் நகரக் கடல்சார் அருங்காட்சியகத்துக்குப் போனது. எங்கள் அண்ணாச்சியின் வள்ளம் விறகுக்குப் போனது. கட்டுமரம் என்ற சொல்லைக் கேட்டமரன் என்று ஊரெல்லாம் கொண்டுபோனார்கள், நமக்குத் தைரியம் இல்லையாம்!

என் கோபம் மைத்துனரோடு நிற்கவில்லை. எஞ்சின் வந்தபோது பாயையும் சேர்த்துத் தூக்கி எறிந்தோமே, அதில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். எஞ்சின் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? துடுப்புப் போட்டுக் காய்த்துப்போன கைகளைப் பார்த்தவன் நான். ஆனால் ஒற்றை எஞ்சினை நம்பிப் போகும் ஃபைபர் படகில் ஒரு சின்னப் பாயும் இரண்டு கழியும் ஏன் இருக்கக்கூடாது? பழுதான எஞ்சினோடு எல்லை தாண்டி மிதந்துபோய்ச் சிறைப்பட்டவர்கள் கதையைப் பத்திரிகையில் படிக்கும்போதெல்லாம் இதுதான் தோன்றும். புயலில் பாய் காப்பாற்றும் என்று நான் சொல்லவில்லை. 2017இல் ஒக்கி வந்தபோது எந்தப் பாயும் உதவியிருக்காது. நான் சொல்வது காற்று சாதாரணமாக வீசும் நாளில் எஞ்சின் மட்டும் நின்றுபோவதைப் பற்றி. அந்தக் காற்றிலேயே வீடு திரும்பலாம். டீசல், மண்ணெண்ணெய், மானியம் என்று எவ்வளவோ பேசுகிறோம். பாய் கட்டத் தெரிந்த கிழவர்கள் இருக்கும்போதே பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு திட்டம் போட யாருக்கும் தோன்றவில்லை.

போன மாதம் கடற்கரையில் ஒரு பையனிடம் கேட்டேன். "நடுக்கடல்ல எஞ்சின் நின்னா என்ன தம்பி செய்வே?"

"போன் அடிப்போம் தாத்தா."

"டவர் கிடைக்கலேன்னா?"

"யாராச்சும் வருவாங்க."

அவன் படகில் ஒரு தார்ப்பாயும் நல்ல மூங்கில் கழி இரண்டும் கிடந்தன. அதைக் காட்டினேன். சிரித்தான். "அதக் கட்டத் தெரிஞ்ச ஆளு எங்க தாத்தாதான். அவரும் போயிட்டாரு."