டேம்பர் வாங்குவதற்கு முன் ஆட்டம் எங்கே என்று பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. ஜீப், ஜிப்சி, ஜிம்னி வைத்திருப்பவர்கள் முழுதும் படியுங்கள். மற்றவர்கள் அப்படி ஒரு வண்டி வைத்திருக்கும் மச்சானுக்கோ மருமகனுக்கோ அனுப்பிவிடுங்கள்.

நம் பிள்ளைகளில் சிலர் பழைய மஹிந்திரா ஜீப்பை வாங்கி, உயரம் ஏற்றி, பெரிய டயர் மாட்டி ஓட்டுகிறார்கள். முகநூலில் படம் போட்டால் நானும் லைக் போடுகிறேன், வண்டி பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அண்மையில் மூன்று பேர் ஒரே புகாரைச் சொன்னார்கள். "சார், அறுபதுல போறப்ப ஒரு பள்ளத்துல இறங்குனா ஸ்டியரிங் கையை உதறுது. வண்டியை நிறுத்துற அளவுக்கு ஸ்லோ பண்ணாத்தான் அடங்குது." மூவருக்கும் ஒரே வைத்தியம் சொல்லப்பட்டிருக்கிறது, ஸ்டியரிங் டேம்பரை மாற்று என்று. ஒருவர் ஒன்று போதாதென்று இரண்டு மாட்டியிருக்கிறார். காய்ச்சல் எதனால் என்று பார்க்காமல் மாத்திரையை இரட்டிப்பாக்குவது போலத்தான் இது.

ஆஸ்பத்திரியில் தள்ளுகிற ஸ்ட்ரெச்சரின் முன்சக்கரத்தைப் பார்த்திருப்பீர்கள். மெதுவாகத் தள்ளினால் ஒழுங்காக வரும், வேகமாகத் தள்ளினால் இடமும் வலமுமாக படபடவென்று அடித்துக்கொள்ளும். ஜீப்பின் முன்சக்கரமும் அதே பிறவிதான். சக்கரம் திரும்புகிற அச்சு, அதாவது கிங் பின், மேல்பக்கம் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வுக்கு காஸ்டர் என்று பெயர். சைக்கிளின் முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் இதற்காகத்தான். இந்தச் சாய்வு இருப்பதால்தான் திருப்பிய சக்கரம் தானாக நேருக்கு வருகிறது. மூட்டுகளில் ஆட்டம் இருந்தால் நேருக்கு வந்த சக்கரம் அங்கே நிற்காமல் தாண்டிப்போகும், திரும்பி வரும், மறுபடி தாண்டும். முன்பக்கம் ஒரே கட்டை ஆக்ஸிலாக இருப்பதால் ஒரு சக்கரத்தின் உதறல் மறுசக்கரத்துக்கும் போய், ஒன்றை ஒன்று தூக்கிவிடும். ஆங்கிலத்தில் இதற்கு 'டெத் வாபிள்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

டேம்பர் இந்த உதறலை ஓரளவு விழுங்கும். அதனால் மாற்றிய சில நாள் வண்டி சமர்த்தாக ஓடும். உள்ளே தேய்கிற மூட்டு தேய்ந்துகொண்டே இருக்கும், நமக்குத்தான் தெரியாமல் போகும். 2019-இல் அமெரிக்காவில் ஜீப் ராங்லருக்கு இதே புகார் எழுந்து, கம்பெனியே புது டேம்பர் மாற்றிக் கொடுத்ததே என்று ஒரு மாணவர் கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அது கம்பெனி கணக்குப் போட்டுக் கட்டி, டேம்பரோடு வெளியே விட்ட புது வண்டி. நம்முடையது கையால் மாற்றிக் கட்டியது, மூட்டுக்கெல்லாம் வயது இருபத்தைந்து, முப்பது. இரண்டுக்கும் ஒரே மருந்து செல்லாது.

உயரம் ஏற்றும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். பழைய ஜீப்பில் வந்தது 6.00-16 என்கிற ஒல்லி டயர், அகலம் ஏறக்குறைய 6 அங்குலம். இப்போது மாட்டுவது 31 அங்குல உயரமும் 10.5 அங்குல அகலமும் உள்ள டயர். வெளியே தள்ளி நிற்கிற ரிம், போதாததற்கு ஸ்பேசர். இவ்வளவு பாரமும் அதே கிங் பின், அதே டை ராட் எண்ட், அதே வீல் பேரிங் மேல்தான் விழுகிறது. சாக்கிளை நீட்டி உயர்த்தினால் ஆக்ஸிலே முன்பின்னாகச் சாய்ந்து காஸ்டர் கெட்டுப்போகும். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்கு வரும் டிராக் லிங்க்கும் செங்குத்தாகிவிடும். அப்புறம் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் வண்டி தானாக ஒரு பக்கம் வெட்டும்.

இங்கேதான் கவனம் வேண்டும். 'ஸ்டியரிங் கோளாறு' என்று நாம் ஒரே பெயரில் சொல்வது ஐந்தாறு தனித்தனி சங்கதி. நல்ல ரோட்டில் எழுபது எண்பதில் மட்டும் சீராக நடுங்கினால் வீல் பேலன்ஸ், அல்லது வளைந்த ரிம். வயல் சேறு ரிம்முக்குள் காய்ந்து ஒட்டியிருந்தாலே போதும். ஒரு பக்கமாக இழுத்தால் முதலில் காற்றைப் பார், பிறகு எந்தச் சக்கரத்து டிரம் சுடுகிறது என்று பார். உதறாமல் பள்ளத்தில் வெட்டினால் டிராக் லிங்க். வளைவு முடிந்தும் ஸ்டியரிங் நேருக்கு வராவிட்டால் காஸ்டர், அல்லது அளவுக்கு மேல் இறுக்கிய கிங் பின். பள்ளத்தில் தொடங்கி, வளர்ந்து, அடங்க மறுக்கும் உதறல் மட்டும்தான் நான் மேலே சொன்னது. எந்த வேகத்தில், எந்த ரோட்டில், பிரேக் மிதித்தபோதா மிதிக்காதபோதா என்று ஒரு வாரம் நோட்டில் எழுதி எடுத்துக்கொண்டு போனால் மெக்கானிக்குப் பாதி வேலை மிச்சம். (2020-இல் வந்த தாருக்கு முன்சக்கரங்கள் தனித்தனி சஸ்பென்ஷன். அதில் கிங் பின் கிடையாது, பால் ஜாயிண்டைப் பார்க்க வேண்டும்.)

தேடுவதற்குப் பெரிய கருவி வேண்டாம், இரண்டு பேர் போதும். வண்டி தரையில் நிற்கட்டும். ஹேண்ட் பிரேக் போட்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை கொஞ்சமாக இடமும் வலமும் ஆட்ட வேண்டும். இன்னொருவர் கீழே படுத்து, ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து சக்கரம் வரை ஒவ்வொரு மூட்டாகப் பார்க்க வேண்டும். ஒரு துண்டு அசைந்து அடுத்த துண்டு தாமதமாக அசைகிறதா? ஆட்டம் அங்கேதான். ஸ்டியரிங் பாக்ஸே சேஸிஸ் மேல் அசைந்தால் போல்ட் தளர்ந்திருக்கும், அல்லது சேஸிஸில் விரிசல் இருக்கும். பழைய ஜீப்பில் இதை மறக்காமல் பாருங்கள், பெரிய டயர் போட்ட பிறகு இன்னும் அவசியம். ஸ்பிரிங் பட்டையின் புஷ், யூ போல்ட் இரண்டையும் கூடவே பாருங்கள்.

பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் போய்விட்டால் வீல் பேரிங், போகாவிட்டால் கிங் பின். இத்தனை எளிய சோதனையைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் சாமான் வாங்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நம் ஊர் உப்புக் காற்றிலும், கடற்கரையில் இறக்கிவிட்டுக் கழுவாமல் நிறுத்துவதிலும் இந்த பேரிங்குகள் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக்கை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். ஒரு மணி நேரம் கீழே படுத்துப் பார்த்துவிட்டு "ஒரு போல்ட்தான் லூஸ், டைட் பண்ணிட்டேன்" என்றால் ஐந்நூறு கொடுக்க நமக்கு மனசு வருவதில்லை. டப்பாவோடு புதுச் சாமானைக் காட்டினால் பேசாமல் எண்ணிக் கொடுக்கிறோம். பார்த்ததற்குக் கூலி கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு சாமானை மட்டும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் குற்றவாளி எது என்று கடைசிவரை தெரியாது.

சட்டமும் இருக்கிறது. 2019 ஜனவரி 9 அன்று, கேரளத்திலிருந்து போன வழக்கில், கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவைக் காட்டி உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். டயர் விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

ஓடும்போது உதறினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, மெல்ல வேகம் குறைத்து இடப்பக்கம் ஒதுங்குங்கள். உதறும்போது வண்டிக்கு ரோட்டின் முழு அகலமும் தேவைப்படும் என்பதுதான் என் கவலை. ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணியில் கொடியேற்றம். அதற்குச் சில நாள் முன்பிருந்தே பூவம் தொடங்கி வாஞ்சூர் வரை ரோட்டோரம் காவி உடுத்திய கூட்டம் இரவும் பகலும் நடக்கும், கைக்குழந்தையோடு நடப்பவர்களும் உண்டு. சனிக்கிழமை திருநள்ளாறு கூட்டத்தைச் சொல்லவே வேண்டாம்.

கொடியேறுவதற்குள் பார்த்துவிடுங்கள். கூட ஆள் இல்லையென்றால் ஞாயிறு காலை வண்டியை நம் வீட்டுக்கு ஓட்டி வாருங்கள், நாற்பதுக்கு மேல் வேண்டாம். உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை நான் ஆட்டுகிறேன். கீழே படுக்க என் முதுகு ஒத்துக்கொள்ளாது, அது உங்கள் வேலை. பாய் நான் தருகிறேன்.