இரண்டாவது சிசேரியனும் நாற்பது நாளும்



என் இளைய மகள் இரண்டாவது பிள்ளையைப் பெற்று, அல்லாஹ்வின் அருளால் சென்ற மாதம் நாற்பது நாள் முடித்து எழுந்தாள். இம்மாதப் பக்கத்தை அவளுடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். இதில் என்னுடைய தவறு ஒன்றும் வருகிறது. அதை மறைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதினால் இந்தப் பக்கத்தால் யாருக்கும் பயனில்லை.

அவளுடைய முதல் பேறு நான்காண்டுகளுக்கு முன், வழக்கப்படி, சோழவந்தான் பக்கத்திலுள்ள எங்கள் ஊரில் நிகழ்ந்தது. வலி கண்டு ஒரு பகலும் ஓர் இரவும் போயின. மறுநாள் நள்ளிரவுக்குச் சற்று முன்னர், குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று சொல்லி அவசரமாகக் கொண்டுபோய் அறுத்து எடுத்தார்கள். பிள்ளை பிழைத்தது. ஆனால் என் மகள் அந்த இரவிலிருந்து வெளியே வர ஓராண்டுக்கு மேலாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்ததைக் கேளுங்கள். தண்ணீர் குடித்தால் புண் சீழ் வைக்கும், வயிறு பெருத்துவிடும் என்று என் மாமியார் எனக்குச் செய்தவாறே, நாளொன்றுக்கு ஒரு டம்ளர் வெந்நீர் அளந்து கொடுத்தேன். சுட்ட பூண்டும் மிளகு ரசமும் குழைந்த சோறும் தவிர வேறெதுவும் அவள் தட்டில் விழவில்லை. கீரை இல்லை, பழம் இல்லை. மலம் இறுகி, முக்கி முக்கி, எட்டாம் நாள் தையலில் ஓரிடம் விட்டுப்போய்க் காய்ச்சல் கண்டு மீண்டும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதைவிடப் பெரிய குற்றம் என் வாயால் நடந்தது. பார்க்க வந்தவர்களிடம், “நம் வீட்டில் யாருக்கும் இதுவரை கத்தி பட்டதில்லை” என்று நான் சொன்னது அவள் காதில் விழுந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை, அங்கலாய்ப்பில் வந்த சொல். ஆனால் கட்டிலில் கிடந்தவளுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்?

அறுத்துப் பெற்றவள் அரைத் தாய் என்பதுபோல் நம் வீடுகளில் இன்றும் ஒரு பேச்சு இருக்கிறது. வலி அனுபவித்துப் பெற்றால்தான் தாய்மை என்று மார்க்கம் எங்கே சொன்னது? அபூ ரைஹான் அல்பீரூனி ஏறத்தாழ ஆயிரமாண்டுகளுக்கு முன் எழுதிய காலக் கணக்கு நூலிலேயே இத்தகைய பிறப்பைப் பற்றிய குறிப்பு உண்டு. அந்நூலின் 14ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் பிரதி ஒன்று எடின்பரோ பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது. அதில் தாயின் வயிற்றிலிருந்து குழந்தையை எடுக்கும் காட்சி ஓவியமாகவே தீட்டப்பட்டிருக்கிறது. தாய் இறந்து வயிற்றில் குழந்தை உயிருடன் இருந்தால் அறுத்து எடுக்கலாமா என்று நம் சட்ட மேதைகள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்திருக்கிறார்கள். அன்று தாயின் மையித்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்றுவது பற்றிப் பேசினார்கள். இன்று தாயும் பிள்ளையும் சேர்ந்து வீடு திரும்புகிறார்கள். இதற்கு நன்றி சொல்லாமல் குறை சொல்லுகிறோம்.

மேலும், இது இப்போது அரிதான காரியமும் அல்ல. 2019-21இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பேறுகளில் ஏறத்தாழ 45 அறுவைப் பேறுகள். இந்தியா முழுமைக்கும் அது 21.5 தான். தேவையில்லாத இடத்திலும் அறுக்கிறார்கள் என்ற மனக்குறை எனக்கும் உண்டு. அதைப் பிறிதொரு மாதம் பேசுவோம். கத்தி பட்ட பின் அந்தப் பெண்ணிடம் போய் அதைப் பேசி என்ன ஆகப்போகிறது?

இரண்டாவது உண்டானபோது மகள் நெல்பேட்டையில் தன் மாமியார் வீட்டில் இருந்தாள். இம்முறை சுகப்பேறாக வேண்டுமென்று நான் நேர்ந்துகொள்ளாத குறைதான். முதல் பேறு அறுவையால் ஆனால் அடுத்ததும் அறுவையே என்ற கருத்தை 1916இல் நியூயார்க் மருத்துவர் எட்வின் கிராகின் எழுதினார். அக்காலத்தில் கருப்பையை மேலிருந்து கீழாக நெடுக அறுப்பார்கள். அந்தத் தழும்பு அடுத்த வலியில் பிரிந்துவிடும் அபாயம் மிகுதி. பின்னர் கிளாஸ்கோ நகரத்து மன்ரோ கெர் போன்றோர் கருப்பையின் கீழ்ப்பாகத்தில் குறுக்காக அறுக்கும் முறையைப் பரப்பினார்கள். இன்று பெரும்பாலும் அதுவே நடக்கிறது. அவ்வாறு ஒரு முறை மட்டும் குறுக்கே அறுபட்டவர்கள், வசதியுள்ள மருத்துவமனையில் மருத்துவர் கண்காணிப்பில் இயல்பான பேற்றுக்கு முயன்றால், நூற்றுக்கு 60 முதல் 80 பேர் வரை வெற்றி பெறுகிறார்கள். தழும்பு பிரிவது ஆயிரத்தில் ஐந்து பேருக்கு என்று கணக்கு. முதல் குழந்தை கால் பக்கமாகத் திரும்பியிருந்ததால் அறுத்தார்கள் என்றால் வாய்ப்பு கூடும். தலை இறங்காமல் நின்றுபோனது என்றால் குறையும்.

மருத்துவர் இரண்டையும் விளக்கிவிட்டு, “நீ என்னம்மா நினைக்கிறாய்?” என்று என் மகளைக் கேட்டார். என்னையோ மருமகனையோ கேட்கவில்லை. அவள், “அந்த இரவை இன்னொரு தடவை என்னால் தாங்க முடியாது டாக்டர், நாள் குறித்துச் செய்துவிடுங்கள்” என்றாள். வெளியே வந்து வண்டிக்குக் காத்திருந்தபோது நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். “அம்மா, போன தடவை எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. இந்தத் தடவை என்ன நடக்கப்போகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்” என்றாள். அதற்கு மேல் நான் பேசவில்லை.

நாள் குறிப்பதில் ஒன்று கவனியுங்கள். நல்ல நாள், விடுமுறை, சபர்க்காரர் திரும்பும் தேதி என்று பார்த்து முன்கூட்டியே அறுக்கச் சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். வேறு காரணம் இல்லாவிட்டால் 39 வாரம் நிறையும் முன் எடுக்கக் கூடாது. அதற்கு முன் எடுத்த பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறல் அதிகம். முதல் பேற்றின் டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துப்போங்கள். எதற்காக அறுத்தார்கள், எப்படி அறுத்தார்கள் என்பது அதில் இருக்கும். நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்று ஸ்கேனில் பார்க்கச் சொல்லுங்கள். அது கருப்பை வாயை மூடிக்கொண்டு, பழைய தழும்பின் மேல் வேர்விட்டிருந்தால் சாதாரண இடத்தில் அறுவை செய்யலாகாது. 2006இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், கொடி வாயை மூடியிருந்த பெண்களில் அப்படி வேர்விட்டது முதல் சிசேரியனின்போது நூற்றுக்கு 3 பேருக்கு, இரண்டாவதில் 11 பேருக்கு, மூன்றாவதில் 40 பேருக்கு என்று கண்டார்கள். அத்தகையவர்கள் இரத்த வங்கியும் பெரிய மருத்துவர்களும் உள்ள இடத்துக்கே போக வேண்டும். நம் பகுதியில் கோரிப்பாளையத்தை ஒட்டி, 1940இல் எர்ஸ்கின் மருத்துவமனையாகத் தொடங்கிய அரசு இராசாசி மருத்துவமனை இருக்கிறது. தேனி, இராமநாதபுரம் வரையிலிருந்து தாய்மார்கள் அங்கே வருகிறார்கள். இரத்தத்தின் அளவு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும்.

அறுவையன்று காலையில் அவள் தொழுதுவிட்டுத் தானே நடந்து உள்ளே போனாள். முதல் முறை ஸ்ட்ரெச்சரில் ஓட ஓடத் தள்ளிச் சென்றதை நினைத்து நான் வெளியே அழுதேன். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். அந்த ஊசியால் ஆயுளுக்கும் முதுகுவலி என்று சொல்லுவதற்கு ஆதாரமில்லை. சிலருக்குச் சில நாள் தலைவலி வரும், எழுந்து உட்கார்ந்தால் அதிகமாகும். உடனே சொன்னால் மருந்துண்டு. பிள்ளையின் முதல் அழுகையை அவள் தன் காதாலேயே கேட்டாள். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்தாள்.

வலி இல்லாமல் இல்லை. இரண்டாம் பேற்றில், பிள்ளை பால் குடிக்கும்போதெல்லாம் கருப்பை சுருங்கும் வலி முதல் பேற்றைவிடக் கடுமையாகவே இருக்கும். இதை முன்பே அறிந்திருந்ததால் அவள் பயப்படவில்லை. வலி மாத்திரையைப் பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளிப்போடாதீர்கள். மருத்துவர் எழுதிய நேரத்தில் போட்டால்தான் எழுந்து நடக்க முடியும், பால் கொடுக்க முடியும். மூத்திரக் குழாயை எடுத்த பின் நடக்கச் சொல்லுவார்கள். நடக்காமல் கிடந்தால் காலில் இரத்தம் உறையும். எழும்போது நேராக எழாமல், ஒருக்களித்துத் திரும்பிக் கையை ஊன்றி எழ வேண்டும். இருமல் வந்தால் ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இரும வேண்டும்.

இனி பத்தியத்துக்கு வருகிறேன். மர்யம் சூராவை நான் எத்தனை முறை ஓதியிருப்பேன்! மர்யம் (அலை) அவர்கள் பேற்று வலியில் பேரீச்ச மரத்தடியில் தவித்து, இதற்கு முன்பே இறந்து போயிருக்கக் கூடாதா என்று மனம் வெதும்பிய வேளையில், அவர்களுக்கு வந்த ஆறுதல் என்ன? கவலைப்படாதே என்பது; காலடியில் நீரோடை; மரத்தை உலுக்கினால் விழும் கனிந்த பேரீச்சம்பழம்; உண்ணவும் பருகவும் கட்டளை. அந்தத் தாய்க்கு அல்லாஹ் தந்த தண்ணீரை என் மகளுக்கு நான் டம்ளரில் அளந்தேனே என்று முதல் முறை தோன்றியபோது கிதாபை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே இருந்தேன்.

இம்முறை அவள் தலைமாட்டில் எப்போதும் ஒரு செம்புத் தண்ணீர் இருந்தது. முருங்கைக் கீரை, பருப்பு, முட்டை, நாட்டுக்கோழிச் சாறு, மீன், பேரீச்சை, கொய்யா எல்லாம் உண்டு. சம்பந்தியம்மாள் செலவு மருந்து கிளறித் தந்தார். வேண்டாமென்று சொல்லி அவர் மனத்தை நோகடிக்க முடியுமா, கொஞ்சம் கொடுத்தோம். அதோடு பூண்டும் கருவாடும் தாராளமாகப் போயிற்று. ஆனால் கொதிக்கும் நீரை அள்ளி வயிற்றில் அடித்து ஊற்றும் குளியலுக்கு மட்டும் நான் குறுக்கே நின்றேன். காயத்தில் சூடுபட்டால் தோல் வெந்துபோகும். மருத்துவர் சொன்ன நாளிலிருந்து மிதமான நீரில் குளித்து, தழும்பை ஒற்றித் துடைத்து உலர வைத்தால் போதும்.

பாயில் படுக்க வைக்காதீர்கள். தரையிலிருந்து எழும் சிரமம் தையலுக்கு ஆகாது. நெல்பேட்டை வீட்டில் படுக்கையறை மாடியில் இருந்தது. கூடத்திலேயே கட்டில் போட்டோம். நாற்பது நாளும் பிள்ளையைவிடக் கனமான எதையும் தூக்கக் கூடாது. ஒரு குடம் தண்ணீர் பதினைந்து கிலோ! மூத்தவன் நாலு வயதுப் பிள்ளை, “அம்மா தூக்கு” என்று நிற்பான். அதுதான் அவளுக்கு அறுவையைவிடப் பெரிய வேதனையாக இருந்தது. அவனைக் கட்டிலில் ஏற்றிப் பக்கத்தில் உட்காரவைக்க மாப்பிள்ளை பழகிக்கொண்டார். நன்னி மடியைவிட அத்தா தோள் அவனுக்குப் பிடித்துப்போயிற்று.

ஏழாம் நாள் அகீகா என்று பந்தல் போடப் பேசினார்கள். கூட்டம் கூடும், ஒவ்வொருவரும் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவார்கள், பெற்றவள் உட்கார்ந்து உட்கார்ந்து துவண்டுபோவாள். ஆலிம்சாவிடம் கேட்டோம். ஏழில் முடியாவிட்டால் பதினான்கிலோ இருபத்தொன்றிலோ கொடுக்கலாம் என்றார். பெண் பிள்ளை, ஓர் ஆடு. இருபத்தொன்றாம் நாள் அறுத்துக் கறியைப் பங்கிட்டு வீடு வீடாக அனுப்பிவிட்டோம். பிரியாணி எங்கே என்று கேட்டவர்களும் உண்டு.

இருபத்தாறாம் நாள் அவளுக்கு உதிரம் நின்றுவிட்டது. நாற்பது வரை பொறு என்று பெரியவர்கள் சொன்னார்கள். இது நம் பெண்களிடம் வேரூன்றிய தவறு. நிஃபாசுக்குக் குறைந்தபட்ச நாள் இல்லை. ஹனஃபி மத்ஹபில் உச்ச அளவு நாற்பது, ஷாஃபியில் அறுபது. அறுவைப் பேறானாலும் கருப்பையிலிருந்து உதிரம் வந்தால் சட்டம் ஒன்றே. இடையில் நின்றுவிட்டால் குளித்துத் தொழ வேண்டும். காயத்தில் தண்ணீர் படக் கூடாது என்று மருத்துவர் சொன்னால், கட்டின் மேல் மஸஹ் செய்யவோ தயம்மும் செய்யவோ இடமுண்டு. உங்கள் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குனிய முடியாதவர் உட்கார்ந்து தொழலாம், அதுவும் முடியாவிட்டால் படுத்துத் தொழலாம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் காட்டித் தந்திருக்கிறார்கள். அவள் நாற்காலியில் அமர்ந்து தொழுதாள். விடுபட்ட தொழுகைக்குக் களா இல்லை, நோன்புக்கு உண்டு.

காய்ச்சல், தையலில் சிவப்போ சீழோ, நாற்றமடிக்கும் போக்கு, ஒரு மணி நேரத்தில் ஒரு பட்டை முழுதும் நனையும் உதிரம், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், மூச்சு வாங்குதல், கண் மங்கலோடு தலைவலி — இவற்றில் ஒன்று கண்டாலும் ஓதிப்பார்ப்பதோடு நில்லாமல் உடனே 108க்குச் சொல்லுங்கள். துஆவும் செய்யுங்கள், வண்டியும் வரட்டும். முதல் சில நாள் காரணமில்லாமல் அழுகை வருவது இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் அழுது, உறக்கமின்றி, பிள்ளையைப் பார்க்கவே மனமில்லாதிருந்தால் அதுவும் நோய்தான். என் மகளுக்கு முதல் பேற்றில் அது இருந்திருக்கிறது. நாங்கள் கண்ணேறு என்று எண்ணித் தாயத்துக் கட்டினோம்.

ஆண்களுக்கு ஒரு சொல். ஆறு வாரம் விலகியிருங்கள். அதன்பின் அடுத்த கருவுக்கு இரண்டாண்டாவது இடைவெளி விடுங்கள். திருமறையும் பால்குடிக்கு முழுமையான இரண்டாண்டைக் குறிப்பிடுகிறது. நபித்தோழர்கள் அஸ்ல் செய்து வந்ததை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். எந்த முறை என்பதைக் கணவனும் மனைவியும் முன்னதாகவே பேசி முடிவு செய்யுங்கள். அறுவை மேசையில் படுத்திருப்பவளிடம் போய், “கருத்தடை செய்துவிடவா?” என்று கேட்கும் நிலைக்கு விடாதீர்கள்.

நாற்பதாம் நாள் நான் நெல்பேட்டைக்குப் போனபோது அவள் அடுப்படியில் நின்று தனக்குத் தேநீர் கலந்துகொண்டிருந்தாள். எனக்கும் ஒன்று கலந்தாள். கையில் கொடுத்துவிட்டு, “நம் வீட்டில் இப்போது இரண்டு தடவை கத்தி பட்டுவிட்டதம்மா” என்று சிரித்தாள். நான் நான்காண்டாக நெஞ்சில் வைத்திருந்த மன்னிப்பை அப்போதுதான் அவளிடம் கேட்டேன். தேநீர் ஆறிப்போயிற்று.