நட்டின் முகம்

2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும் அப்பல்லோ டயர் ஆலையும் இயங்கத் தொடங்கியதைப் பலரும் எழுதியாயிற்று. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் சரக்கு சுமக்கும் பழைய பிக்கப் வண்டிகளைக் குறித்து எழுதியவர் அரிது. அவற்றிலும் சில இப்போது அலாய் வீல் அணிந்து மினுங்குகின்றன. அழகுணர்ச்சியை நாம் குறைகூற மாட்டோம். லாரியின் முதுகில்கூட வாசகம் எழுதிப் பார்க்கும் மக்கள் நாம். ஆயின் நட்டையும் யாரேனும் பார்க்க வேண்டாமா? வெளிக்கடை அலாய்ச் சக்கரங்களில் பெரும்பாலானவை 60 பாகைக் கூம்பு வடிவ நட்டைக் கேட்பவை. பழைய நட்டின் முகம் கோள வடிவாயிருந்தால் அது முழுதும் படியாமல் மெல்லிய வளையமாகத் தொட்டு நிற்கும். ஸ்பேனரின் பிடிக்கு இறுகியதாகவே தோன்றும். பாரத்தோடு ஓடுகையில் தளரும். சரியான நட்டையும் முதல் 100 கிலோமீட்டருக்குள் மீண்டும் இறுக்கிப் பார்த்தாக வேண்டும்.

பதிவுச் சான்றிதழிலுள்ள தயாரிப்பாளரின் விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. கடுமை என்பார் உளர். காருக்கென வார்த்த சக்கரத்தைச் சரக்கு வண்டியில் மாட்டும் துணிச்சலைக் காணும்போது நமக்கு அப்படித் தோன்றவில்லை. தாங்கும் எடையைச் சக்கரத்திலேயே கிலோ கணக்கில் பொறித்திருப்பது வழக்கம். விலை பேசுமுன் அதைப் படித்துக்காட்டும்படி கடைக்காரரைக் கேட்கலாம்.