நாள் தள்ளிப்போவதற்கு முன்பே

ஐந்தாம் மாத ஸ்கேன் அறைக்குள் போகும் பெண்ணின் மனதிலும், வெளியே காத்திருக்கும் குடும்பத்தின் மனதிலும் ஒரே கேள்விதான் ஓடுகிறது: குழந்தை குறையில்லாமல் இருக்கிறதா? ‘டிஃபா’ என்று மருத்துவமனைகளில் சொல்லும் அந்த ஸ்கேனை 18 முதல் 20 வாரங்களில் எடுக்கிறார்கள். இதயத்தின் நான்கு அறைகள், சிறுநீரகங்கள், மேலுதடு, கைகால்கள் என ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வரும் மருத்துவர், சில சமயம் தலையில் வந்து நின்றுவிடுவார். நெற்றியின் இருபுறமும் ஒடுங்கி, தலை எலுமிச்சம்பழ வடிவில் தெரியும். பின்னால் சிறுமூளை வாழைப்பழம்போல் வளைந்திருக்கும். இந்த இரண்டையும் கண்டதும் கருவி முதுகுப் பக்கம் நகரும். தண்டுவடம் மூடாமல் திறந்திருப்பதற்கான அடையாளங்கள் இவை.

இதைக் கண்டுபிடிக்க முடிவது பெரிய விஷயம். ஆனால், அந்தக் குறை ஐந்தாம் மாதத்தில் வந்ததல்ல. மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழல், கருத்தரித்து 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ள வேண்டும். நாள் தள்ளிப்போய், ஒரு வாரம் பொறுத்துப் பார்த்து, மெடிக்கலில் கிட் வாங்கிச் சோதித்து, வீட்டில் சொல்லி, நல்ல நாளில் டாக்டரிடம் போவதற்குள் பெரும்பாலும் அந்தக் கெடு முடிந்துவிடுகிறது. அங்கே எழுதிக் கொடுக்கும் ஃபோலிக் அமில மாத்திரை ரத்தசோகையைத் தடுக்க உதவும். திறந்து நின்றுபோன குழலை மூடவைக்காது.

இந்த மாத்திரையின் பலன் இன்று நேற்றுத் தெரிந்ததல்ல. ஏற்கெனவே இப்படியொரு குழந்தையைப் பெற்ற தாய்மார்களை வைத்து ஏழு நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு 1991-இல் வெளியானது. கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டவர்களிடம் அடுத்த குழந்தைக்கும் அதே குறை வருவது 72 சதவீதம் குறைந்திருந்தது. சாதாரணமாகத் தேவைப்படுவது நாளைக்கு 400 மைக்ரோகிராம். ஒரு மாத்திரை ஒரு டீயின் விலைகூட ஆகாது. ரேஷன் கடையில் தரும் செறிவூட்டிய அரிசியிலும் ஃபோலிக் அமிலம் இருக்கிறதே என்று கேட்கலாம். அதன் தர அளவு கிலோவுக்கு 75 முதல் 125 மைக்ரோகிராம்தான். கால் கிலோ அரிசியைச் சமைத்துச் சாப்பிடும் பெண்ணுக்கு அதிகபட்சம் 30 சொச்சம் மைக்ரோகிராம் கிடைக்கும். கஞ்சியை வடித்தால் அதுவும் குறையும். அரிசியை நம்பி மாத்திரையை விட்டுவிட முடியாது.

மருந்துகளின் கதையும் இதே நாட்களில்தான் நடக்கிறது. மேற்கு ஜெர்மனியில் 1957-இல் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, மசக்கை வாந்திக்கும் தூக்கத்துக்கும் ஏற்ற பாதுகாப்பான மருந்து என்று சொல்லி விற்கப்பட்டது. 1961 இறுதியில் அங்கே அதைத் திரும்பப் பெறும்வரை, கைகால் வளராத குழந்தைகள் நாடு நாடாகப் பிறந்தார்கள். எண்ணிக்கை 10,000-க்கும் மேல். கருத்தரித்த நான்காவது, ஐந்தாவது வாரத்தில் போட்ட மாத்திரையே அதற்குப் போதுமானதாக இருந்தது.

அது பழைய கதை என்று நிம்மதி கொள்ள வழியில்லை. வலிப்புக்கும் சில மனநலப் பிரச்சினைகளுக்கும் தரும் வால்ப்ரோயேட்டை கர்ப்ப காலத்தில் சாப்பிட்டால், சுமார் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை வருகிறது. 30 முதல் 40 சதவீதம் குழந்தைகளுக்கு வளர்ச்சியில் தாமதம் ஏற்படலாம். கல்யாணத்துக்கு முன் பெண்ணின் வலிப்பு நோயை மறைத்துவிடும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. கணவருக்கே தெரியாமல் மாத்திரை சாப்பிடும் பெண், குழந்தை பெறும் திட்டத்தை எந்த டாக்டரிடம் போய்ச் சொல்வாள்? பயந்து தானாக மாத்திரையை நிறுத்தினாலும் வலிப்பு வந்து தாய்க்கும் சேய்க்கும் ஆபத்து. முன்கூட்டியே கேட்டால் மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம். முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினாயினும் கருவுக்குக் கொடியதுதான். அதை வாங்கும் இளம்பெண்ணிடம் மருந்துக்கடையில் யாராவது ஒரு வார்த்தை சொல்கிறார்களா? கட்டுப்படாத சர்க்கரையும் கருவின் இதயத்தைப் பாதிக்கும் என்பது எத்தனை வீடுகளுக்குத் தெரியும்?

கிரகணம் வந்தால் கர்ப்பிணியை வெளியே விடாமல், கத்தியைத் தொடவிடாமல் காக்கிற வீடுகள் இவை. உதடு பிளந்த குழந்தை பிறக்குமோ என்ற அச்சத்துக்குப் பின்னால் இருப்பது அன்புதான். ஆனால், கருவின் மேலுதடு ஏழாவது வாரம் வாக்கில் கூடிவிடுகிறது. ஆறாம் மாதத்தில் வரும் கிரகணம் அதைப் பிளக்காது. குறையோடு குழந்தை பிறந்த பிறகு, “நீ என்ன செய்தாய்?” என்று தாயைக் குடைவது அதைவிடக் கொடுமை. பிறவிக் குறைகளில் ஏறத்தாழ பாதிக்கு இன்னதுதான் காரணம் என்று மருத்துவத்தாலேயே சொல்ல முடிவதில்லை.

ஸ்கேனின் அவசியத்தை நாம் குறைத்துச் சொல்லவில்லை. இதயக் குறை முன்கூட்டியே தெரிந்தால், அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையில் பிரசவத்தை வைத்துக்கொள்ளலாம். 2021-இல் திருத்திய கருக்கலைப்புச் சட்டப்படி கடுமையான குறைபாடு இருந்தால் 24 வாரங்கள் வரையும், மருத்துவக் குழு ஒப்புக்கொண்டால் அதற்குப் பிறகும் வழி உண்டு. முடிவெடுக்க வேண்டியது அந்தப் பெண்தான். வயது வந்தவளாக இருந்தால் சட்டம் கேட்பது அவள் சம்மதத்தை மட்டுமே. ஆனால் ஏழாம் மாதத்தில் முதல் ஸ்கேனுக்கு வருபவளிடம் யோசிக்கக்கூட அவகாசம் இருப்பதில்லை. கருவுக்குக் குறை இருக்கும் வாய்ப்பைக் கணிக்கும் ரத்தப் பரிசோதனையில் ‘ஹை ரிஸ்க், 200-இல் 1’ என்று வந்தால், அப்படி வரும் 200 பேரில் 199 பேரின் குழந்தைகளுக்கு அந்தக் குறை இல்லை என்று அர்த்தம். உறுதி செய்ய அடுத்த சோதனை இருக்கிறது என்பதை உட்காரவைத்து விளக்க ஆள் வேண்டும். அந்தக் காகிதத்தை மட்டும் கையில் கொடுத்து அனுப்புவது அநியாயம்.

தமிழகத்தில் கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கியதிலிருந்து அரசின் கவனிப்பு நன்றாகவே நடக்கிறது. அதற்கு முந்தைய மாதங்கள்தான் காலியாகக் கிடக்கின்றன. அவற்றை நிரப்பப் புதிய துறை தேவையில்லை. கிராம சுகாதார செவிலியரிடம் ‘தகுதியுள்ள தம்பதியர்’ பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது. கல்யாணமாகி ஊருக்கு வரும் பெண்ணின் பெயர் அதில் ஏறுகிறது. பெயர் எழுதும் அன்றே ஃபோலிக் அமில மாத்திரையைக் கொடுக்கலாம். வலிப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், வேறு மாத்திரை எதுவும் சாப்பிடுகிறாயா என்று மாமியார் காதில் விழாமல் தனியே கேட்டு, மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிக் கொடுக்கலாம். சுகாதாரத் துறை இதற்கான உத்தரவை இந்த ஆண்டே பிறப்பிக்க வேண்டும்.