மின்சாரக் காருக்குக் கழிவு: உங்கள் கைக்கு வருகிறதா, ஏலத்தில் கரைகிறதா?

"இந்த வருஷத்துக்குள்ள எடுத்துட்டா பத்தாயிரம் வெள்ளி மிச்சம். தள்ளிப்போட்டா போச்சு!"

2025ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் இதை நீங்கள் ஒருமுறையாவது கேட்டிருப்பீர்கள். கார் விற்பனையாளர் சொல்லியிருப்பார். இல்லையென்றால் வாட்ஸ்அப் குடும்பக் குழுவில் யாராவது ஒரு மாமா அனுப்பியிருப்பார். 2026 முடியும்போது இதே பேச்சு மறுபடியும் வரும். காரணம், அப்போதும் கழிவு இன்னொரு 10,000 வெள்ளி குறையவிருக்கிறது.

அவசரப்பட்டு வாங்கினால் உண்மையிலேயே மிச்சமா? கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கழிவு எவ்வளவு?

சிங்கப்பூரில் மின்சாரக் கார் வாங்குவோருக்கு இரண்டு சலுகைகள் உள்ளன.

ஒன்று, மின்வாகனங்களுக்கு முன்கூட்டியே மாறுவோருக்கான ஊக்கத்தொகை. கூடுதல் பதிவுக் கட்டணத்தில் 45 விழுக்காடு கழிவு. ஆனால் அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2025இல் அது 15,000 வெள்ளி. 2026இல் 7,500 வெள்ளி. 2027 ஜனவரி முதல் இந்த ஊக்கத்தொகையே கிடையாது.

மற்றொன்று, வாகனப் புகை வெளியேற்றத் திட்டத்தின்கீழ் தரப்படும் கழிவு. ஆகத் தூய்மையான பிரிவில் வரும் கார்களுக்கு 2025இல் 25,000 வெள்ளி. 2026இல் 22,500 வெள்ளி. 2027இல் 20,000 வெள்ளி.

இரண்டையும் கூட்டினால் அதிகபட்சக் கழிவு 2025இல் 40,000, 2026இல் 30,000, 2027இல் 20,000 வெள்ளி.

ஓர் எடுத்துக்காட்டு. இறக்குமதி மதிப்பு 40,000 வெள்ளி உள்ள ஒரு கார். அதற்குக் கூடுதல் பதிவுக் கட்டணம் 48,000 வெள்ளி வரும். முதல் 20,000 வெள்ளிக்கு 100 விழுக்காடு, அடுத்த 20,000 வெள்ளிக்கு 140 விழுக்காடு என்று கணக்கு. அது மின்சாரக் காராக இருந்து, முழுக் கழிவும் கிடைத்தால் 2025இல் நீங்கள் கட்டுவது 8,000 வெள்ளிதான். 2026இல் 18,000. 2027இல் 28,000.

இதுவரை பார்த்தால் விற்பனையாளர் சொன்னது சரிதான். ஆனால் கதை இதோடு முடியவில்லை.

காரைவிட உரிமைதான் விலை

பக்கத்து நாட்டைப் பாருங்கள். 2025 அக்டோபரில் புரோட்டோன் நிறுவனம் அறிமுகம் செய்த இ.மாஸ் 5 மின்சாரக் காரின் தொடக்க விலை 60,000 ரிங்கிட்டுக்கும் குறைவு. நம் பணத்தில் 20,000 வெள்ளிக்கும் கீழே. அதாவது மின்சாரக் கார் என்ற பொருள் இப்போது மலிவாகிவிட்டது.

இங்கே விலையை ஏற்றுவது வாகன உரிமைச் சான்றிதழ், நாம் சிஓஇ என்று சொல்வது. 2018 பிப்ரவரி முதல் சிங்கப்பூரில் கார்களின் எண்ணிக்கை வளர்ச்சி விகிதம் பூஜ்யம். பெரும்பாலும், பழைய கார் ஒன்று சாலையிலிருந்து விலகினால்தான் புதிய கார் ஒன்றுக்கு இடம். 2025 பிப்ரவரியிலிருந்து சில ஆண்டுகளுக்குக் கூடுதலாக 20,000 சான்றிதழ்கள்வரை விடப்படும் என்று நிலப் போக்குவரத்து ஆணையம் அறிவித்தது. ஆனாலும் அடிப்படை மாறவில்லை. எத்தனை பேர் கேட்டாலும், ஏலத்துக்கு வரும் சான்றிதழ்களின் எண்ணிக்கை முன்கூட்டியே முடிவானது.

நூறு சான்றிதழ்கள், நூற்று முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் பலருக்கு அரசாங்கம் ஆளுக்கு 40,000 வெள்ளி கழிவு தருகிறது. என்ன நடக்கும்? கையில் மிச்சமான பணத்தில் ஒரு பகுதியை ஏலத்தில் கூட்டிக் கேட்பார்கள். எல்லாரும் அப்படிச் செய்தால் விலை ஏறும். ஆனால் கார் கிடைப்பது அதே நூறு பேருக்குத்தான்.

ஒரு மாதத்தில் நடந்தது

கழிவு குறையப்போகிறது என்ற அறிவிப்பு 2025 செப்டம்பரில் வந்தது. அந்த மாதத் தொடக்கத்தில் சிறிய கார்களுக்கான 'ஏ' பிரிவு சிஓஇ கிட்டத்தட்ட 108,000 வெள்ளியாக இருந்தது. அக்டோபரின் முதல் ஏலத்தில் 128,105 வெள்ளி. அதுவரை இல்லாத உச்சம்.

பத்தாயிரம் வெள்ளி கழிவைத் தவறவிடக் கூடாது என்று ஓடியவர்கள் சந்தித்த விலை, இருபதாயிரம் வெள்ளி கூடியிருந்தது!

நவம்பர் தொடக்கத்தில் அதே பிரிவு கிட்டத்தட்ட 110,000 வெள்ளிக்கு இறங்கியது. அக்டோபரில் ஏலம் எடுத்தவரும் நவம்பரில் எடுத்தவரும் ஆண்டு முடிவதற்குள் காரைப் பதிவு செய்திருந்தால் இருவருக்கும் கழிவு ஒன்றுதான். சிஓஇயில் மட்டும் சுமார் 18,000 வெள்ளி வித்தியாசம்.

விலை ஏறியதற்குக் கழிவு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. கார் கண்காட்சிகள், புதிய மாடல்கள், விற்பனையாளர்களுக்கு இடையிலான போட்டி என்று பல காரணங்கள் சேரும். ஆனால் காலக்கெடு என்ற ஒன்று வந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் ஏலத்துக்கு வருகிறார்கள். அதைத்தான் கவனிக்க வேண்டும்.

இன்னொரு விஷயமும் உண்டு. 110 கிலோவாட் சக்திக்குள் இருக்கும் மின்சாரக் கார்கள் 'ஏ' பிரிவில் வரும். அதற்குள் அடங்கும்படி மோட்டாரின் சக்தியைக் குறைத்த மாடல்களும் இங்கே விற்பனைக்கு வந்தன. ஆக, சாதாரணக் குடும்பங்கள் வாங்கும் சிறிய பெட்ரோல் கார்களின் வரிசையிலேயே அவையும் நிற்கின்றன. கழிவு கிடைக்காத பெட்ரோல் கார் வாங்குபவரும் ஏறிய சிஓஇ விலையைத்தான் கட்டுகிறார்.

அப்படியென்றால் கழிவு வீணா?

இல்லை. அது செய்ய வேண்டிய வேலையைச் செய்திருக்கிறது.

2021இல் புதிதாகப் பதிவான கார்களில் மின்சாரக் கார்கள் 4 விழுக்காடுகூட இல்லை. 2023இல் சுமார் 18 விழுக்காடு. 2024இல் மூன்றில் ஒன்று. அதே ஆண்டில் சீனாவின் பிஒய்டி, டொயோட்டாவைப் பின்னுக்குத் தள்ளிச் சிங்கப்பூரின் ஆக அதிகம் விற்பனையான கார் நிறுவனமானது.

2030 முதல் இங்கே பதிவாகும் புதிய கார்கள் எல்லாம் தூய்மையான எரிசக்தியில் ஓட வேண்டும். 2040க்குள் பெட்ரோல், டீசல் வாகனங்களைப் படிப்படியாக நிறுத்துவது இலக்கு. அதற்கு மக்கள் மாற வேண்டும். மாறுகிறார்கள்.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நீங்கள் எந்தக் காரை வாங்குகிறீர்கள் என்பதைக் கழிவு மாற்றுகிறது. கார் வைத்திருக்க மொத்தம் எவ்வளவு செலவாகும் என்பதை அது பெரிதாக மாற்றுவதில்லை. சான்றிதழ்களின் எண்ணிக்கை கட்டுப்படுத்தப்பட்ட நாட்டில் அப்படித்தான் இருக்கும்.

மிச்சம் வேறு எங்கே இருக்கிறது?

ஓட்டும் செலவில் இருக்கிறது. தோராயமாகக் கணக்குப் போடுவோம்.

100 கிலோமீட்டர் ஓட ஒரு மின்சாரக் காருக்கு 15 கிலோவாட்-மணி மின்சாரம் தேவை, பொது இடத்தில் அதன் விலை 60 காசு என்று வைத்தால் 9 வெள்ளி ஆகும். பெட்ரோல் கார் அதே தூரத்துக்கு 7 லிட்டர் குடித்தால், லிட்டர் 2 வெள்ளி 80 காசு என்ற கணக்கில் சுமார் 19 வெள்ளி 60 காசு.

ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு ஏறக்குறைய 1,600 வெள்ளி மிச்சம். ஆனால் மின்சாரக் காருக்குச் சாலை வரியோடு ஆண்டுக்கு 700 வெள்ளி தனியாகக் கட்ட வேண்டும். பெட்ரோலுக்கான தீர்வைக்கு ஈடாக வசூலிக்கப்படும் தொகை அது. அதைக் கழித்தால் நிகர மிச்சம் சுமார் 900 வெள்ளி. நல்ல தொகைதான், ஆனால் வாழ்க்கையை மாற்றிவிடும் தொகை அல்ல.

தனியார் வாடகைக் கார் ஓட்டுநருக்குக் கணக்கு வேறு. நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓட்டினால் அன்றாடம் சுமார் 21 வெள்ளி மிச்சமாகும். மாதம் 25 நாள் ஓட்டினால் 500 வெள்ளிக்கு மேல்.

சொந்த வாசலில் மின்னூட்டுபவருக்கு மிச்சம் இன்னும் கூடும். வீட்டு மின்சாரம் பொது இடத்துக் கட்டணத்தில் பாதி என்று வைத்தால், தரைவீட்டில் இருப்பவர் ஆண்டுக்கு மேலும் 675 வெள்ளி சேமிப்பார். ஆனால் நம்மில் சுமார் 80 விழுக்காட்டினர் வீவக வீடுகளில்தான் இருக்கிறோம். எட்டாவது மாடியிலிருந்து ஒயரை இறக்க முடியாது இல்லையா?

அதனால்தான் புளோக்குக்குக் கீழே இருக்கும் மின்னூட்டும் இடம் முக்கியமாகிறது. 2030க்குள் 60,000 மின்னூட்டு முனைகள் என்பது இலக்கு. அவற்றில் 40,000 பொதுக் கார் நிறுத்துமிடங்களில். வீவக கார் நிறுத்துமிடங்களில் இருப்பவை பெரும்பாலும் மெதுவாக மின்னூட்டுபவை. 60 கிலோவாட்-மணி மின்கலனை 7.4 கிலோவாட் முனையில் முழுதாக நிரப்ப எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவில் செருகிவிட்டுத் தூங்கப் போகலாம். ஆனால் ஒரு கார் நிறுத்துமிடத்தில் மூன்று முனைகள், முப்பது மின்சாரக் கார்கள் என்று ஆகிவிட்டால்? அடுத்த சில ஆண்டுகளில் மின்சாரக் கார் பரவுமா என்பதைக் கழிவைவிட இந்தக் கேள்விதான் முடிவு செய்யும்.

வாங்கும் எண்ணம் இருக்கிறதா? இவற்றைக் கவனியுங்கள்

காலக்கெடுவை மட்டும் பார்க்காதீர்கள். கழிவு எவ்வளவு குறையும், சிஓஇ எவ்வளவு ஏறியிருக்கிறது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளம்பரத்தில் காட்டும் விலையில் கழிவு பெரும்பாலும் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கும். மறுபடி கிடைக்கும் என்று நினைத்துவிடாதீர்கள்.

வேலைநாள் இரவு பத்து மணிக்கு உங்கள் புளோக்கின் கார் நிறுத்துமிடத்துக்கு ஒருமுறை இறங்கிப் போய்ப் பாருங்கள். எத்தனை முனைகள் காலியாக இருக்கின்றன? ஷோரூமில் யாரும் சொல்லாத பதில் அங்கே இருக்கும்.

மின்கலனுக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்று கேளுங்கள். பல நிறுவனங்கள் எட்டு ஆண்டு அல்லது 160,000 கிலோமீட்டர் தருகின்றன. சிஓஇ பத்து ஆண்டு. நடுவில் இருக்கும் அந்த இரண்டு ஆண்டுக்கு என்ன ஏற்பாடு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கார் தேவையே இல்லாதவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. 2030க்குள் பொதுப் பேருந்துகளில் பாதி மின்சாரத்தில் ஓட வேண்டும் என்பது திட்டம். அதில் ஏற நீங்கள் எந்த ஏலத்திலும் கலந்துகொள்ள வேண்டியதில்லை.

காரே வேண்டும் என்றால் வாங்குங்கள். ஆனால் யாரோ சொன்ன பத்தாயிரத்துக்காக ஓடாதீர்கள். உங்கள் கணக்கை நீங்களே போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.